ஐடிஎச்1 மாறினால் என்ன ஆகும்? மூளைக் கட்டியில் என்சைம், டிஎன்ஏ பழுதுபார்ப்பு, எதிர்ப்பு சக்தி

கேள்வி இது: "தம்பிக்கு 34 வயது. தலையில் கட்டியை எடுத்த பிறகு வந்த ரிப்போர்ட்டில் 'டிஃப்யூஸ் கிளியோமா, ஐடிஎச்1 ம்யூட்டன்ட், மற்ற பரிசோதனைகள் நிலுவையில்' என்று இருக்கிறது. ஐடிஎச்1 என்பது உணவைச் சக்தியாக மாற்றும் பாதையில் வரும் ஒரு என்சைம் என்று படித்தேன். அதற்கும் டிஎன்ஏ பழுதுக்கும் எதிர்ப்பு சக்திக்கும் என்ன சம்பந்தம்? சர்க்கரையை நிறுத்திவிட்டால் கட்டி அடங்குமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதை நினைத்துத்தான் பல குடும்பங்கள் தூக்கமிழக்கின்றன. சர்க்கரையை நிறுத்தினால் இந்தக் கட்டி நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதல் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையாகப் போக வேண்டும். கிளியோமா என்பது மூளையின் துணைச் செல்கள் வகையில் வரும் கட்டி; 'ம்யூட்டன்ட்' என்றால் அந்த மரபணு மாறியிருக்கிறது என்று பொருள்.

என்சைம் என்றாலே சக்தி உண்டாக்குவது என்று பள்ளியில் படித்துவிட்டோம். செல்லுக்குள் நடப்பது அதைவிட அதிகம். ஒரு வளர்சிதை மாற்ற என்சைம் ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றும்போது, அந்தப் புதுப் பொருள் சக்திக்கு மட்டும் போவதில்லை. டிஎன்ஏ மேல் எங்கே மெத்தில் குறி (மரபணுவை மூடி வைக்கக்கூடிய சிறு வேதிக் குறி) வைப்பது, எங்கே அழிப்பது, உடைந்த இழையை எந்த வழியில் ஒட்டுவது, பக்கத்தில் வரும் டி செல்லை (எதிர்ப்பு சக்தியின் சிப்பாய்) விரட்டுவதா விடுவதா என்பதையெல்லாம் முடிவு செய்யும் புரதங்களுக்கு அதே பொருள்தான் கச்சாப் பொருள். கச்சாப் பொருளின் அளவு மாறினால் முடிவுகளும் மாறும். ஐடிஎச்1 இதற்கு மிகத் தெளிவான உதாரணம்.

சாதாரண ஐடிஎச்1 ஐசோசிட்ரேட் என்ற பொருளை ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டாக மாற்றும். கூடவே என்ஏடிபிஎச் என்ற இன்னொரு பொருளும் கிடைக்கும். செல் ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தாங்க அது வேண்டும். 2008-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் கிளியோமாவில் மிகத் தீவிரமான வகையான கிளியோபிளாஸ்டோமாவின் 22 மாதிரிகளின் மரபணுக்களை வரிசைப்படுத்தியபோது, சிலவற்றில் இந்த என்சைமின் 132-ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் மாறியிருப்பதைக் கண்டார்கள். புற்றுநோய் என்றதும் யாரும் நினைத்துப் பார்க்கும் மரபணு அல்ல அது. அடுத்த வருடமே, இளவயதினருக்கு அதிகம் வரும் கிரேடு 2, கிரேடு 3 (எண் கூடினால் தீவிரம் கூடும்) கிளியோமாக்களில் 70 சதவீதத்துக்கும் மேல் இந்த மாற்றம் இருப்பது தெரிந்தது. அதிலும் பத்தில் ஒன்பதில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்திருக்கும்.

அதே 2009-இல்தான் உண்மையான ஆச்சரியம் வந்தது. மாறிய என்சைம் வேலையை நிறுத்திவிடவில்லை, புதிய வேலை ஒன்றை எடுத்துக்கொண்டது. ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டை எடுத்து 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற வேறு பொருளாக மாற்ற ஆரம்பித்தது. சுருக்கமாக 2-எச்ஜி. சாதாரண திசுவில் இது இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுதான் இருக்கும். மாறிய கட்டியிலோ அதைவிட 100 மடங்குக்கும் மேல் குவிகிறது. எம்ஆர்ஐ இயந்திரத்தில் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி முறையில் பார்த்தால், மண்டையைத் திறக்காமலேயே இந்தப் பொருளை அடையாளம் காண முடியும் என்கிற அளவுக்குக் குவிகிறது.

2-எச்ஜியும் ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்று. ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டை நம்பி வேலை செய்யும் என்சைம்கள் உடலில் 60-க்கும் மேல் உண்டு. அவற்றின் உள்ளே ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் உட்கார வேண்டிய இடத்தில் 2-எச்ஜி போய் உட்கார்ந்துகொள்கிறது; வேலை நின்றுபோகிறது. டிஎன்ஏ மேல் இருக்கும் மெத்தில் குறிகளை அகற்றும் டெட் என்சைம்கள் இப்படி முடங்குகின்றன. அதனால் மரபணுத் தொகுப்பு முழுக்க மெத்தில் குறிகள் கூடிப்போகின்றன. கிளியோமாவில் இதைத் தனி வகையாகவே 2010-இல் அடையாளம் கண்டார்கள்.

இங்கேதான் டிஎன்ஏ பழுதுபார்ப்பு உள்ளே வருகிறது. மெத்தில் குறி கூடும்போது பல கட்டிகளில் எம்ஜிஎம்டி என்ற மரபணுவும் மூடப்படுகிறது. டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரை டிஎன்ஏவில் உள்ள குவானின் மேல் ஒரு மெத்தில் குழுவை ஒட்டி செல்லைக் கொல்லப் பார்க்கும். எம்ஜிஎம்டி புரதம் அந்தக் குழுவைப் பிடுங்கித் தன் மேல் ஒட்டிக்கொண்டு தானும் அழிந்துபோகும். ஒரு காயத்துக்கு ஒரு புரதம் என்பதுதான் கணக்கு. மரபணு மூடியிருந்தால் பிடுங்க ஆள் இல்லை, மாத்திரை வேலை செய்யும். 2005-இல் வந்த பெரிய ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலோமைடும் சேர்த்த கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. எம்ஜிஎம்டி மூடியிருந்தவர்களைத் தனியாகப் பார்த்தால் 15.3 மாதத்திலிருந்து 21.7 மாதமானது. பழுதுபார்க்கும் ஒரே ஒரு புரதம் இருப்பதும் இல்லாததும் இவ்வளவு வித்தியாசம் செய்கிறது.

2-எச்ஜி இதோடு நிற்பதில்லை. இதே வகை மெத்தில் காயங்கள் சிலவற்றை நேரடியாகச் சரிசெய்யும் ஆல்க்பிஎச் என்ற என்சைம்களையும் அது தடுக்கிறது. இன்னும் முக்கியமானது, டிஎன்ஏ இரண்டு இழையும் அறுந்துபோகும்போது நடப்பது. கதிர்வீச்சின் அடி பெரும்பாலும் அதுதான். அறுந்த இடத்தில் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தின் மேல் சட்டென்று ஒரு மெத்தில் குறி எழ வேண்டும். "இங்கே உடைந்திருக்கிறது" என்ற சமிக்ஞை அது. பழுதுபார்ப்புப் புரதங்கள் அதைப் பார்த்துத்தான் வந்து சேரும். குறிகளைத் துடைக்கும் கேடிஎம்4பி என்ற என்சைமை 2-எச்ஜி முடக்கிவிட்டால், எல்லா இடத்திலும் அதே குறி நிறைந்துவிடும். உடைந்த இடம் எது, உடையாத இடம் எது என்று தெரியாமல் போகிறது. இதை 2020-இல் விளக்கமாகக் காட்டினார்கள். இதனால் ஹோமோலகஸ் ரீகாம்பினேஷன் என்ற, பிழையில்லாமல் ஒட்டும் வழி பலவீனமாகிறது. பிஆர்சிஏ மரபணு பழுதான மார்பகப் புற்றில் இருப்பது போன்ற ஒரு நிலை. ஆகவே பார்ப் என்ற இன்னொரு பழுதுபார்ப்புப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் இங்கேயும் வேலை செய்யலாம் என்று 2017-இலிருந்தே நம்பிக்கை. ஆய்வகத்தில் அழகாக வேலை செய்தது. நோயாளிகளிடம் நடந்த ஆரம்பச் சோதனைகளில் பலன் சுமார்தான்.

இதுவரை படித்தால் ஐடிஎச்1 மாறிய கட்டி எல்லா வகையிலும் பலவீனமானது என்று தோன்றும். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஒரு குழு, ஐடிஎச்1 மாற்றத்தோடு டிபி53, ஏடிஆர்எக்ஸ் ஆகிய இரண்டு மரபணுக்களும் கெட்டுப்போன எலிக் கட்டிகளை ஆராய்ந்தது. ஐடிஎச் மாறிய கிளியோமாவில் ஒரு வகையான ஆஸ்ட்ரோசைட்டோமாவில் இந்த மூன்றும் சேர்ந்தே வருவது வழக்கம். அங்கே நேர்மாறான விஷயம் கிடைத்தது. மெத்தில் குறிகள் மாறியதால், டிஎன்ஏ உடைந்ததும் எச்சரிக்கை எழுப்பும் ஏடிஎம் என்ற புரதத்தின் பாதை இன்னும் சுறுசுறுப்பாகிவிட்டது. கட்டி கதிர்வீச்சைத் தாங்கியது. ஏடிஎம் பாதையை மருந்தால் அடைத்தபோது கதிர்வீச்சு மறுபடி வேலை செய்தது.

எது சரி என்று கேட்டால், இரண்டும் சரி என்றே நான் நினைக்கிறேன். ஒரே என்சைம் மாற்றம், கூட இருக்கும் மற்ற மாற்றங்களைப் பொறுத்து, ஒரு கட்டியில் பழுதுபார்ப்பைக் கெடுக்கும், இன்னொன்றில் தூக்கி நிறுத்தும். உங்கள் தம்பி ரிப்போர்ட்டில் "நிலுவையில்" என்று இருக்கும் பரிசோதனைகளை நான் பெரிதாக நினைப்பது இதனால்தான்.

ஐடிஎச் மாறாத கட்டிகள், அதாவது 2021-இலிருந்து உலக சுகாதார அமைப்பு 'கிளியோபிளாஸ்டோமா' என்ற பெயரை அவற்றுக்கு மட்டுமே வைத்திருக்கும் பெரியவர்களின் கட்டிகள், வேறு என்சைம்களை நம்பியிருக்கின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை பியூரின் பற்றியது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் இரண்டு பியூரின். 2020-இல் பல கிளியோபிளாஸ்டோமா செல் வகைகளின் வளர்சிதைப் பொருட்களை அளந்தபோது, கதிர்வீச்சைத் தாங்கும் செல்களில் பியூரின், குறிப்பாக குவானின் கொண்ட ஜிடிபி (GTP) வகை, அதிகம் இருந்தது. வெளியிலிருந்து பியூரினைக் கொடுத்தால் பலவீனமான செல்லும் தாங்க ஆரம்பித்தது. ஜிடிபி உற்பத்தியைத் தடுத்தால் உடைந்த டிஎன்ஏ ஒட்டவில்லை. எழுத்துப் பற்றாக்குறைதான் காரணம் என்றால் மற்ற இரண்டு எழுத்துகளான பிரிமிடினைக் குறைத்தாலும் இதே நடக்க வேண்டும் அல்லவா? நடக்கவில்லை. அப்புறம் 2023-இல் வந்த ஆய்வில், ஜிடிபி ராக்1 என்ற புரதத்தை இயக்கி, அதன் வழியாக அறுந்த முனைகளை ஒட்டும் வேலையைத் தூண்டுகிறது என்று தெரிந்தது. அதாவது அது செங்கல்லாக மட்டும் இல்லை, கட்டளையாகவும் போகிறது.

ஜிடிபி தயாரிக்கும் ஐஎம்பிடிஎச் என்ற என்சைமைத் தடுக்கும் மருந்து ஏற்கெனவே இருக்கிறது: மைக்கோஃபெனோலேட். சிறுநீரகம் மாற்றியவர்கள் வருடக்கணக்கில் சாப்பிடும் மாத்திரை. அதைக் கதிர்வீச்சோடு சேர்த்து கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளிடம் சோதிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு முரண்பாடு இதில் ஒளிந்திருக்கிறது. எதிர்ப்பு சக்தி பற்றிப் பேசும்போது அதற்கு வருகிறேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். சர்க்கரையை உடைக்கும் பாதையில் வரும் பிஜிஏஎம்1 என்ற என்சைம் கிளியோமாவில் அதிகமாக இருக்கிறது. ஏடிஎம் எழுப்பும் எச்சரிக்கையை அணைக்கும் விப்1 என்ற புரதத்தை அது உட்கருவுக்குள் போகவிடாமல் பிடித்து வைக்கிறது, எச்சரிக்கை நீடிக்கிறது, பழுது சரியாகிறது. இங்கே அது என்சைமாகக்கூட வேலை செய்யவில்லை, வெறும் பிடிமானமாக நிற்கிறது. ஃபியூமரேஸ் என்ற என்சைம், டிஎன்ஏ உடைந்த இடத்துக்கே போய், அங்கேயே ஃபியூமரேட்டை உண்டாக்கி, ஹிஸ்டோன் குறி அழியாமல் காக்கிறது என்று 2015-இல் பொதுவான புற்றுச் செல்களில் காட்டினார்கள். சர்க்கரை உடையும்போது வரும் லாக்டேட்டைக் கழிவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது பழுதுபார்ப்புப் புரதங்கள் மேல் ஒட்டி அவற்றைத் தூண்டுகிறது என்று 2024-இல் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் வந்தன. அவற்றில் ஒன்று கிளியோபிளாஸ்டோமாவில் எக்ஸ்ஆர்சிசி1 என்ற புரதத்தைப் பற்றியது.

சரி, எதிர்ப்பு சக்திக்கு வருவோம்.

கிளியோபிளாஸ்டோமாவில் நிவோலுமாப் போன்ற, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்துகள் பெரிய ஏமாற்றம் தந்தன. திரும்பி வந்த கட்டியில் நிவோலுமாபையும், ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாபையும் ஒப்பிட்ட ஆய்வில் இடைநிலை ஆயுள் 9.8 மாதமும் 10 மாதமும்; வித்தியாசமே இல்லை. தோல் புற்றில் அற்புதம் செய்த மருந்து இங்கே ஏன் தோற்றது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் கட்டிக்குள் டி செல் வந்து சேர்ந்தாலும் அங்கே உயிர்வாழ முடியாத சூழ்நிலை ஒரு முக்கியக் காரணம். அந்தச் சூழ்நிலையை உண்டாக்குபவை இதே வளர்சிதை என்சைம்கள்.

2-எச்ஜி கட்டிச் செல்லோடு நின்றுவிடுவதில்லை. வெளியே கசிகிறது. 2018-இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு, டி செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்வதையும், அதன் பிறகு அவை தூண்டப்படும் பாதையே தளர்ந்துபோவதையும் காட்டியது. அதற்கு முன்பே வேறு சிலர், இந்தக் கட்டிகளில் சிஎக்ஸ்சிஎல்10 போன்ற அழைப்பு சமிக்ஞைகள் குறைவாக இருப்பதையும், அதனால் டி செல்கள் வருவதே குறைவு என்பதையும் காட்டியிருந்தார்கள். ஆக, அழைப்பும் போவதில்லை, வந்தவரும் சோர்ந்துபோகிறார்.

ஐடிஎச் மாறாத கட்டிகளில் டிரிப்டோபன் முக்கியம். டிடிஓ என்ற என்சைம் டிரிப்டோபனை உடைத்து கைனுரெனின் என்ற பொருளை உண்டாக்குகிறது. அது ஏஎச்ஆர் என்ற ஏற்பியைத் தூண்டி டி செல்களை அடக்குகிறது, கட்டிச் செல்லையும் நகரச் செய்கிறது. 2011-இல் கிளியோமாவில்தான் இதை முதலில் விளக்கினார்கள். பின்னால் ஐடிஎச் மாறிய கட்டிகளில் உள்ள மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்பு சக்திச் செல்களிலும் டிரிப்டோபன் பாதை இதே பாதகத்தைச் செய்வது தெரிந்தது. இன்னொரு உதாரணம் ஹெக்ஸோகைனேஸ் 2. குளுக்கோஸ் செல்லுக்குள் வந்ததும் அதைத் தொடும் முதல் என்சைம். குளுக்கோஸ் ஏராளமாகும்போது இது மைட்டோகாண்ட்ரியாவை விட்டு விலகி, வேறொரு புரதத்துக்குப் பாஸ்பேட் ஒட்டி, கடைசியில் பிடி-எல்1-ஐ அதிகரிக்கிறது என்று 2022-இல் கிளியோபிளாஸ்டோமா செல்களில் காட்டினார்கள். டி செல்லிடம் "என்னைத் தொடாதே" என்று சொல்லும் புரதம்தான் பிடி-எல்1. சர்க்கரையைத் தொடும் என்சைமே எதிர்ப்பு சக்தியை நிறுத்தும் கையாகவும் இருக்கிறது.

பழுதுபார்ப்பும் எதிர்ப்பு சக்தியும் தனித்தனி விஷயங்களா என்றால், இல்லை. டிஎன்ஏ உட்கருவுக்குள்தான் இருக்க வேண்டும். பழுது சரியாகாமல் துண்டுகள் வெளியே சைட்டோபிளாசத்துக்கு வந்தால், சி-காஸ் என்ற புரதம் அதை வைரஸ் நுழைந்தது போல எடுத்துக்கொண்டு ஸ்டிங் என்ற புரதத்தைத் தூண்டும்; இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் வரும்; டி செல்களுக்கு அழைப்பு போகும். ஆக, பழுதுபார்ப்பை நன்றாக நடத்தும் என்சைம் கட்டியை மறைமுகமாக எதிர்ப்பு சக்தியிடமிருந்தும் காப்பாற்றுகிறது. ஆனால் கிளியோமா செல்களில் ஸ்டிங் மரபணுவையே மெத்தில் குறி வைத்து மூடியிருப்பது பெரும்பாலும் காணப்படுகிறது. மூளைக் கட்டியில் வெறும் டிஎன்ஏ சேதம் மட்டும் எதிர்ப்பு சக்தியை எழுப்பாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது மைக்கோஃபெனோலேட்டின் முரண்பாடு. மாற்று உறுப்பை டி செல்கள் தாக்காமல் இருக்கத்தான் அந்த மருந்தைக் கொடுக்கிறோம். அதாவது அது டி செல்லுக்குத் தேவையான ஜிடிபியையும் சேர்த்தே குறைக்கும். கட்டியின் பழுதுபார்ப்பைக் கெடுக்கிறது, அதே கையால் நம் சிப்பாயையும் கட்டுகிறது. இரண்டில் எது மேலோங்கும் என்பதை நோயாளிகளிடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்தத் துறையில் எந்த மருந்தைப் பற்றிப் படித்தாலும், "இது டி செல்லுக்கு என்ன செய்யும்?" என்ற இன்னொரு கேள்வியையும் நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

உங்கள் தம்பிக்கு நேரடியாகத் தொடர்புடையது வோராசிடெனிப். மாறிய ஐடிஎச்1, ஐடிஎச்2 இரண்டையும் தடுக்கும், மூளைக்குள் போகக்கூடிய மாத்திரை. அறுவை சிகிச்சை மட்டும் ஆகி, கதிர்வீச்சோ கீமோவோ இன்னும் எடுக்காத கிரேடு 2 கட்டியுள்ள 331 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வந்தது. கட்டி மீண்டும் வளராமல் இருந்த இடைநிலைக் காலம் மருந்து எடுத்தவர்களுக்கு 27.7 மாதம், எடுக்காதவர்களுக்கு 11.1 மாதம். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில், 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, அறுவை சிகிச்சைக்குப் பிறகான கிரேடு 2 கட்டிக்கு அனுமதி கிடைத்தது. கல்லீரல் என்சைம்கள் ஏறலாம், ரத்தப் பரிசோதனை தொடர்ந்து செய்ய வேண்டும். இந்த மருந்து வந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. முப்பது வயதில் இருப்பவருக்குக் கதிர்வீச்சைச் சில வருடம் தள்ளிப்போட முடிவது என்பது, ஞாபக சக்தியையும் வேலையையும் அவ்வளவு காலம் காப்பது.

ஆனால் மேலே சொன்னதை வைத்து யோசித்தால் ஒரு கேள்வி எழும். 2-எச்ஜி பழுதுபார்ப்பைக் கெடுக்கிறது என்றால், அதைக் குறைக்கும் மருந்து கட்டிக்குப் பழுதுபார்க்கும் திறனைத் திருப்பிக் கொடுத்துவிடாதா? 2015-இல் ஒரு ஆய்வகச் சோதனையில் அப்படித்தான் நடந்தது. இதே வகையைச் சேர்ந்த ஒரு மருந்தைக் கொடுத்ததும் ஐடிஎச்1 மாறிய செல்கள் கதிர்வீச்சைத் தாங்கின. 2021-இல் எலிகளில் அதே மருந்தைக் கதிர்வீச்சோடும் டெமோசோலோமைடோடும் சேர்த்தபோது, எதிர்ப்பு சக்தி விழித்து எலிகள் அதிக நாள் வாழ்ந்தன. முதல் சோதனையில் தட்டில் வளர்த்த செல்கள் மட்டும் இருந்தன, டி செல் இல்லை. இரண்டாவதில் முழு உடல் இருந்தது. எனக்கு இரண்டாவது மேல் நம்பிக்கை அதிகம். ஆனாலும் மாத்திரையையும் கதிர்வீச்சையும் எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் கொடுப்பது என்பது உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டிய கேள்வி.

தடுப்பூசி முயற்சியும் நடக்கிறது. மாறிய ஐடிஎச்1-இன் அந்த ஒரு துண்டை எதிர்ப்பு சக்திக்கு அடையாளம் காட்டுவது அதன் நோக்கம். ஜெர்மனியில் 33 பேரிடம் நடந்த முதல் கட்டச் சோதனையில், 93 சதவீதம் பேரிடம் எதிர்ப்பு எழுந்தது. மூன்று வருடம் கழித்து 84 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஒப்பிட இன்னொரு குழு இல்லாததால் இதை வைத்துப் பலன் என்று சொல்லிவிட முடியாது. பாதுகாப்பானது என்று மட்டும் சொல்லலாம்.

இனி சர்க்கரை. உணவில் நிறுத்தினாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை உடலின் சக்தியில் 20 சதவீதம் வரை எடுத்துக்கொள்வதால், அதற்கு உணவு போகாமல் உடல் விடாது. கட்டியும் அதே ரத்தத்திலிருந்துதான் எடுக்கிறது. போதாக்குறைக்கு குளுட்டமின், கொழுப்பு என்று வேறு பொருட்களுக்கும் அதனால் மாறிக்கொள்ள முடியும். அதோடு தம்பியின் கட்டியில் நடக்கும் கோளாறு சர்க்கரை அதிகமானதால் வந்ததில்லை. என்சைமில் ஓர் அமினோ அமிலம் மாறியதால் வந்தது. குறைவாகச் சாப்பிட்டாலும் 2-எச்ஜி உற்பத்தி நிற்காது. கீட்டோ உணவைச் சிறிய ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆயுள் கூடியது என்று நிரூபிக்கப்படவில்லை. மூளை வீக்கத்துக்காக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் ரத்தச் சர்க்கரை ஏறும். அதைக் கட்டுப்பாட்டில் வைப்பது அவசியம். அதற்காக மனிதரைப் பட்டினி போட வேண்டாம். சிகிச்சை நடக்கும்போது எடை குறைவதுதான் எனக்குக் கவலை.

நிலுவையில் உள்ளவற்றில் கேட்டு வாங்க வேண்டியவை: 1பி/19க்யூ குரோமோசோம் துண்டுகள் இரண்டும் சேர்ந்து இழந்திருக்கிறதா (இழந்திருந்தால் ஒலிகோடெண்ட்ரோகிளியோமா, கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும்), ஏடிஆர்எக்ஸ் இருக்கிறதா, சிடிகேஎன்2ஏ என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் போயிருக்கின்றனவா (ஆஸ்ட்ரோசைட்டோமாவில் அது போயிருந்தால் மைக்ராஸ்கோப்பில் எப்படித் தெரிந்தாலும் கிரேடு 4), எம்ஜிஎம்டி மூடியிருக்கிறதா. கிரேடு எழுதாமல் இருந்தால் அதையும். கட்டித் திசு வைத்த மெழுகு பிளாக் எந்த லேபில் இருக்கிறது என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு பரிசோதனை தேவைப்பட்டால் மறுபடி தலையைத் திறக்காமல் அதிலிருந்தே எடுக்கலாம்.